ஒன்பது புள்ளி வண்டி

காலை ஐந்து நாற்பதுக்குச் சொர்ணம்மாள் போன் செய்தார். "சாரே, அவரு போயிட்டாரு" என்றார். பின்னால் காற்று இரைந்தது. ஆனி மாதத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்து யார் பேசினாலும் கூடவே காற்றும் பேசும். "ஷெட்டத் தொறக்கப் போனாரு. வாசல்லயே இருந்துட்டாரு. பெறவு எந்திரிக்கல்ல."

அவருடைய கணவர் சுயம்புராஜுக்கு ஐம்பத்தொன்பது வயது. காற்றாலைகளுக்கு நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில், ஒரு தகர ஷெட்டில் ஏழு கார்களை வைத்து அருங்காட்சியகம் நடத்தினார். ஏழும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் செய்த வண்டி. ஒரு காலத்தில் டாக்டர்களும் வியாபாரிகளும் ஓட்டியது. அந்தக் கம்பெனிக் கார் எதுவும் இப்போது கடையில் கிடைக்காது. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அந்தப் பெயரைச் சொன்னால், மாணவர்கள் ஏதோ செய்தித்தாள் என்று நினைக்கிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் திருநெல்வேலி போகும் வழியில் பலகையைப் பார்த்து நுழைந்தேன். ஏழு கார்களும் ஒரே திசையில், வடக்கே மூக்கை நீட்டி நின்றன. "வாஸ்துவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "எல்லாரும் அதத்தான் கேக்காவ. ஊர்க்காரங்க, நான் அய்யாவழிக்காரன், எங்க சாமி முறைக்கு எல்லாம் வடக்க பாத்துத்தான், அதான்னு சொல்லுதாவ. ஒண்ணுமில்ல சாரே, காத்து. இங்க வாங்க."

ஒரு காரின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் கழற்றி, முன்பக்கம் முழுவதையும் தூக்கினார். மற்ற கார்களில் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் விளக்கு, சக்கரத்தின் மேல்தகடு எல்லாம் சேர்ந்து, முதலை வாய் பிளப்பதுபோல் முன்னால் சாயும். "மேற்க பாத்து நின்னா, இங்க உள்ள காத்து இத நம்ம முதுகுல அடைச்சிரும். கிழக்க பாத்து நின்னா பிச்சிக்கிட்டுப் பணகுடிக்குக் கொண்டு போயிரும். வடக்க பாத்து நின்னா, காத்து சைடு வழியா சும்மா போயிரும். முத ஆனி மாசமே ஒண்ணு போச்சு. பெறவுதான் படிச்சேன்."

நான் நூலகர் என்று தெரிந்ததும் அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீங்கதான் அட்டை எழுதணும். நான் எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். வாறவன் வண்டியப் பாக்காம என் எழுத்தப் பாத்துச் சிரிக்கான்." அப்படித்தான் மாதம் ஒரு ஞாயிறு அங்கே போகத் தொடங்கினேன். ஆறு வண்டிகளுக்கு அட்டை எழுதினேன். ஓரத்தில் நின்ற ஏழாவதுக்கு மட்டும் வேண்டாம் என்றார். அதற்கு அப்போது இடப்பக்கக் கதவு கிடையாது, பின்மூடி கிடையாது. இருந்த தகடு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள் குத்தியிருந்தன. என்னவென்று அவர் சொல்ல ஒரு வருடம் ஆனது.

இந்தக் கார்களைச் சேர்த்தவர் ஒரு காலத்தில் இவற்றை உடைத்தவர். தொண்ணூற்று நான்கில் களியக்காவிளையில் ஒரு ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், வேலை பார்த்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓய்ந்துபோன கார்கள் அங்கே வந்து சேரும். ஹெரால்டின் உடம்பு துண்டுதுண்டாக போல்ட்டில் பூட்டியது. "ரெண்டு ஸ்பேனர் போதும் சாரே. அஞ்சு மணிக்கூறுல ஒரு வண்டி தரையில கெடக்கும்." ஒரு வண்டியின் துண்டு இன்னொன்றோடு கலக்காமல் இருக்க, ஒவ்வொன்றிலும் உளியால் புள்ளி குத்துவார். அவர் உடைத்த முதல் வண்டிக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு. கடையில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. சாவியோடு வரும் வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடினால் அப்படியே விற்பார்கள். சாவி இல்லாமல் கயிறு கட்டி இழுத்து வந்தால் அது செத்த வண்டி. கேள்வி கிடையாது, உடைக்க வேண்டியதுதான்.

ஒன்பதாவது வண்டி தேங்காப்பட்டணத்திலிருந்து கயிற்றில் வந்தது. வெளிர்நீலம். கயிறு வியாபாரி அலி அக்பருடையது. அவர் படுக்கையில் விழுந்ததும் தம்பி விற்றுவிட்டார். சுயம்புராஜ் காலை ஏழு மணிக்கு ஸ்பேனரை எடுத்தார். மதியம் தாண்டி ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அலி அக்பரின் மகள் ஜைனம்பு, டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் ஓடுன வண்டியவா உடைச்சிய?" என்றாள். கையில் சாவி இருந்தது. வண்டியைக் கொடுக்கக் கூடாதென்று அவள்தான் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். சாவி இல்லாவிட்டால் யாராலும் கொண்டுபோக முடியாது என்று நினைத்திருக்கிறாள்.

சாவியை அவர் கையில் வைத்தாள். "இத நீங்களே வச்சுக்கிடுங்க. வண்டி கெடைச்சா சொல்லி அனுப்புங்க, நான் வந்து ஓட்டுதேன்." குத்திக்காட்டிச் சொன்னதுதான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுயம்புராஜ் மட்டும் அதை ஒப்படைத்த வேலையாக எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் சொன்ன அன்று, "பின்னாடி இந்த வண்டிக்கு அட்டை எழுதுனா, கடைச் சட்டத்த அதுல எழுதாண்டாம் சாரே" என்றார். "சாவி இருந்திருந்தா நான் உடைச்சிருக்க மாட்டேன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாண்டாம். உடைச்சது நான். அதோட இருக்கட்டும்."

ஜைனம்பு வந்துபோன அந்த வாரத்துக்குள்ளேயே துண்டுகள் எல்லாம் விலைபோயின. சுயம்புராஜ் அடுத்த வருடம் சவூதிக்குப் போய்ப் பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டினார். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்பது புள்ளியைத் தேடினார். "கல்யாணம் ஆன புதுசுல சங்குமுகம் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு நெனச்சேன்" என்பார் சொர்ணம்மாள். "தோவாளையில ஒரு தாராக்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. வாத்து எல்லாம் கத்துது, இவரு குனிஞ்சு கூட்டுக்க கதவுல புள்ளி எண்ணுதாரு." வலப்பக்கக் கதவு அங்கேதான் கிடைத்தது. எஞ்சின் மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறைச் சாக்குக்கு அடியில் இருந்தது. பின்மூடி பூதப்பாண்டியில் ஒரு கிணற்றை மூடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்காரர் தரமாட்டேன் என்றார். சுயம்புராஜ் இரும்பில் புது மூடி அடித்துக் கொண்டுபோனார், அதிலும் ஒன்பது புள்ளி குத்தி. "இது எதுக்குவே?" என்று அவர் கேட்டாராம். "இனி இதும் அந்த வண்டிக்க சொந்தம்லா" என்றாராம் இவர்.

மற்ற ஆறு கார்களும் இந்தத் தேடலில் தானாக வந்து சேர்ந்தவை. ஒரு துண்டுக்காகப் போன இடத்தில் முழு வண்டியே துருப்பிடித்து நிற்கும். விட்டுவிட்டு வர மனம் வராது. பிறகுதான் நிலம், ஷெட், பலகை. காலையில் அந்த ஆறில் ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் செய்யும் முன் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார். அய்யாவழி ஆண்கள் தங்கள் கோயிலான பதியில் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடுவார்கள். "வண்டி முன்னாடியும் தல குனியாண்டாம்னுதான்" என்று சிரிப்பார். யாரும் அந்தச் சிரிப்பைக் கேலி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாகக் கிடைத்தது, பின்னால் வருவதைப் பார்க்க உள்ளே மாட்டும் கண்ணாடி. கோட்டாற்றில் ஒரு வீட்டில் சவரம் செய்யத் தொங்கவிட்டிருந்தார்கள். போன ஞாயிறு அதை என்னிடம் திருப்பிக் காட்டினார். தகட்டின் பின்னால் ஒன்பது புள்ளி.

"இனி ஜைனம்பு டீச்சரைக் கூப்பிடலாமே" என்றேன். முப்பத்தோரு வருடமாக சுயம்புராஜ் டீச்சரைக் கூப்பிட்டதில்லை. எண் மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

"மாட்டிட்டுக் கூப்பிடுவோம். குறையோட குடுத்தா, அப்போ நான் என்னத்த செஞ்சேன்?"

நேற்றுச் சாயங்காலம் போனில் பேசினார். "திருகு ரெண்டும் புதுசு கெடைச்சிற்று. ஒண்ண முறுக்குனேன், வெளிச்சம் போயிற்று. மத்தது காலையில. பெறவு நீங்களே டீச்சருக்குப் போன் போடுங்க, எனக்கு நாக்குக் குழறும்."

இன்று பிற்பகலில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர்கள் முறைப்படி, வடக்கு நோக்கி. சொர்ணம்மாள் காலையிலேயே அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். எல்லாரும் கலைந்தபின் ஜைனம்பு ஆட்டோவில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஷெட்டின் ஓரத்தில் அந்த நீலத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

சொர்ணம்மாள் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். "இத்தன வருசமும் சாமி மாடத்துல இருந்து ஒருநாளும் எறங்கல்ல கேட்டியளா. எனக்குச் சக்களத்தி இந்தச் சாவிதான்."

ஜைனம்பு அழுகைக்கு நடுவே சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சாவி இல்லாததாலதான் உடைச்சாவன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கடை வாசல்ல வச்சு ஒரு ஆளு சொன்னாரு. இவரு என்கிட்ட அதச் சொல்லல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு ஏச்சுக் கேட்டாரு. வாப்பா மவுத்தாகுத வரைக்கும் வாப்பாகிட்ட நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், அங்க ஒரு நல்ல மனுசன் இருக்காருன்னு."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் முறை முனகியது. இரண்டாவது முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. வெளியே காற்று, உள்ளே இது. சொர்ணம்மாள் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

ஜைனம்பு பின்னால் பார்க்கக் கண்ணாடியைத் தொட்டார். அது ஒரு பக்கமாகச் சரிந்து அவருடைய மடியைக் காட்டியது. இடப்பக்கத் திருகு முறுக்கியிருக்கிறது. வலப்பக்கத் திருகு, டாஷ்போர்டின் மேல் ஒரு பொடி டப்பா மூடியில், ஸ்க்ரூடிரைவரின் பக்கத்தில் இருக்கிறது.