மேசைக்குப் போட்ட செருப்பு

தார் உருகும் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது...

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் அது. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டால், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கூரை ஒழுகுவதைவிடத் தரை ஊறுவதுதான் பெரிய தொல்லை. காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் பின்சுவர் மலையை ஒட்டியிருக்கிறது. மலையில் இறங்கும் தண்ணீர், சாணி மெழுகிய மண் தரைக்கு அடியில் வந்து மேலே கசியும். பாய் நனையும். அரிசிச் சாக்கு நனையும்.

அந்தத் தரைக்குத்தான் ஒரு மேசை வந்து சேர்ந்தது. கிளாக்கர் ஐயா வேறு தோட்டத்துக்கு மாறிப் போகும்போது விட்டுப் போனதை அப்பா கேட்டு வாங்கி, தலையில் சுமந்து கொண்டுவந்தார். புள்ள இதுல வச்சு எழுதட்டும் என்றார்.

உங்களில் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். அந்த மேசையின் கால்கள் நேராகத் தரையைத் தொடாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளக் கட்டைகள் தரையில் படிந்து கிடக்கும். கால்கள் அவற்றின்மேல் நிற்கும்.

முதல் மழையிலேயே அந்தக் கட்டைகள் கறுத்துவிட்டன. நகத்தால் கீறினால் ஊறிய ரொட்டிபோலப் பிய்ந்து வந்தது.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாணி மெழுகுவாள். கட்டையைச் சுற்றி விட்டுவிட்டு மெழுகினால் வீடு சுத்தமாகாது என்பது அவள் கட்சி. ஈரச் சாணிதான் கட்டையைத் தின்கிறது என்பது அப்பாவின் கட்சி. வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் இந்தச் சண்டை நடக்கும்.

அப்பா செங்கல் வைத்துப் பார்த்தார். மண்ணுக்குள் புதைந்துவிட்டது. பிறகு, ரோட்டு வேலை நடந்த இடத்தில் சிந்திக் கிடந்த தாரைச் சுரண்டி வந்து, அடுப்பில் உருக்கிக் கட்டையின் அடியில் பூசினார். பல நாட்களுக்கு ரொட்டியிலும் தேத்தண்ணியிலும் தார் மணத்தது. கடைசியில் லொறி டிரைவரிடம் கெஞ்சி ஒரு பழைய டயர் வாங்கி, இரண்டு நீளப் பட்டைகளாக அறுத்து, தார் பூசிய கட்டைகளுக்கு அடியில் ஆணி வைத்து அடித்தார்.

அம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

"எங்க கால்ல அட்டை கடிச்சு ரத்தம் ஓடுது. இவரு மேசைக்குச் செருப்புத் தச்சுப் போடுறாரு."

பக்கத்துக் காம்பரா அத்தை விடவில்லை. "ஏண்ணே, மேச எப்ப பெரட்டுக்கு வருது?"

அப்பாவும் சிரித்தார். அவர் காலில் அன்றும் செருப்பு இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில், பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குப் போகுமுன் குனிந்து கட்டையில் கை வைத்துப் பார்ப்பார். "காஞ்சுதான் கெடக்கு" என்பார். கம்பளிக்குள் படுத்தபடி அதைக் கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி இருக்கும்...

சில வருடங்கள் போய், இந்த மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி அப்பாவின் பாதத்தில் விழுந்துவிட்டது. செருப்பில்லாமல் ஈரத்தில் மிதித்தால் புண் சீழ் வைக்கும் என்று தோட்டத்து டாக்டர் ஐயா சொல்லிவிட்டார். அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மாவின் சம்பளம் மட்டும் போதவில்லை. கங்காணி வந்து, புள்ளைதான் வளர்ந்துவிட்டதே, திங்கட்கிழமை தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துவிடலாம் என்றார். பேர் பதிந்தால் கொழுந்துக் கூடை. பிறகு பள்ளிக்கூடம் இல்லை.

திங்கட்கிழமை தானே மலைக்கு வருவதாக அப்பா சொல்லியனுப்பினார். அன்று ராத்திரி அம்மாவும் அப்பாவும் பேசியதைக் கேட்டேன்.

"அந்த டயரக் கழட்டுங்க. உங்க செருப்புக்கு அது போதும்."

"மேச ஊறிப் போனா புள்ள எதுல வச்சு எழுதும்?"

"பேரு பதிஞ்சிட்டா எழுதுறதுக்கு என்னங்க இருக்கு?"

அப்பா லாம்பை ஊதி அணைத்தார். டயரைக் கழற்றவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் தூங்கிய பிறகு மேசையைச் சாய்த்து, குறட்டால் ஒரு பட்டையின் ஆணிகளைப் பிடுங்கினேன். ஒவ்வொரு ஆணியும் கிறீச்சிட்டது. அப்பா இருமும்போதெல்லாம் நிறுத்தினேன். ஒரு பட்டையிலேயே ஒரு ஜோடி செருப்பு அறுக்கலாம். பட்டையை வாசலில் அவர் ஊன்றி நடக்கும் கம்பு பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. ஏச்சுக்குப் பயமில்லை. அதில் செருப்பு அறுத்துப் போட்டுக்கொண்டு அப்பா போனால் நான் பள்ளிக்கூடம் போவேன். ஆனால் அவர் அந்தக் காலை இழுத்துக்கொண்டு மலை ஏறுவார். அனுப்புவது நான்தான்.

மேசை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பென்சில் உருண்டு உருண்டு போகிறது. குப்பி லாம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது மேசையின் கால் காய்ந்திருந்தது, அப்பாவின் கால் நனைந்தது. இனி எப்படியோ...

இப்போதுதான் குனிந்து கட்டையில் கை வைத்துப் பார்த்தேன். ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது.

கால் வெட்டுப்பட்டதிலிருந்து அப்பா குனிவதில்லை; கட்டை காய்ந்திருக்கிறதா என்று காலையில் என்னைத்தான் கேட்பார். காஞ்சுதான் கெடக்குப்பா என்று சொல்ல வேண்டும்.