இரண்டாவது சாட்சி

ஸில்பாவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நான்தான் பேசவேண்டும். ஊரில் மற்றவர்களைக் கேட்டால், "பாவம், சாதுவான அடிமை" என்று முடித்துவிடுவார்கள். சாதுவாம், மண்ணாங்கட்டி!

ஊருக்கே சோளம் அரைத்துத் தரும் ஆலைக்காரரும், சபையில் திருவிருந்து பரிமாறும் டீக்கனுமான தர்லோவின் அடிமை அவள்; அவர் வீட்டு அடுக்களை அவள் பொறுப்பு. ஆனால் எங்கள் சபையில் அவளும் ஞானஸ்நானம் பெற்ற முழு அங்கத்தினள். அவள் மகள் வயலெட்டுக்குப் பன்னிரண்டு வயது. தெற்கே கரோலினாத் தோட்டங்களுக்கு அடிமைகளைக் கொண்டுபோகும் கப்பல்காரனிடம் அவளை விற்க டீக்கன் பேசி முடித்துவிட்டார்.

சபையாரில் ஒருவர்மேல் குறை இருந்தால் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். அப்புறம் சபைக்கு வரும். வழக்குத் தீரும்வரை குற்றஞ்சாட்டப்பட்டவர் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் தொடக்கூடாது. அந்த அவமானத்துக்குப் பயந்தாவது டீக்கன் விற்கமாட்டார் என்று ஸில்பா நம்பினாள். தனியாகப் போய்க் கேட்டாள்.

"ஐயா, மனுசனத் திருடி விக்கிறவன் சாகணும்னு வேதத்துல, யாத்திராகமத்துல இருக்கே?"

"உன்ன யாரு திருடுனா? எங்கப்பா காசு குடுத்துல்ல வாங்குனாரு!"

"திருட்டு மாட்டக் காசு குடுத்து வாங்கிட்டா, அது திருட்டு மாடு இல்லன்னு ஆயிருமாய்யா?"

பளாரென்று விழுந்தது அறை. கன்னம் வீங்கியபடியே என்னிடம் வந்தாள்.

"அம்மா, சாட்சிக்குச் செருப்பு தைக்கிற ஏசா வர்றேன்னுட்டாரு. நீங்க ஒரு வார்த்த பேச வேணாம். கூட நின்னா போதும்."

"கட்டாயம் வர்றேன் ஸில்பா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

என் புருஷன் எனோஸ் கேட்டுக்கொண்டிருந்தான். "போடி, தாராளமாப் போ. நாளைக்குச் சோளத்த எங்க அரைப்ப? உன் பல்லுலயா?"

நான் போகவில்லை. மத்தியானம்வரை அவளும் ஏசாவும் ஆலை வாசலில் எனக்காகக் காத்து நின்றார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபையிலேயே எழுந்து நின்றாள். போதகர் கேட்டார்: "சாட்சி ரெண்டு பேர் எங்கம்மா?" ஏசா எழுந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தொப்பி நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். விதிப்படி வழக்குச் செல்லாது என்றார் போதகர். மறுநாளே வயலெட்டை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளை கத்தியது ஆலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பாவி, அன்றைக்கும் நான் வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் திருவிருந்து. கீழே எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கறுப்பர்கள் உட்காரும் மாடிக்கு அப்பத் தட்டை ஏந்திப் போனவர் அதே டீக்கன்தான்.

"எடுத்துக்க, சகோதரி."

"எம்புள்ள எந்த ஊருல இருக்குன்னு சொல்லுங்க. எடுத்துக்கறேன்."

டீக்கன் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினார். என் வாயில் அப்பம் இருந்தது. மென்று விழுங்கினேன்.