கேம் நின்றபோது கேட்ட சத்தம்

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பள்ளியில் படித்தபோது பிரவுசிங் சென்டரில் விளையாடிய துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றைப் புதிதாக மாற்றி வெளியிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாங்கினேன். படம் நல்ல தெளிவு. அதைவிட சத்தம் அருமை. எதிரி எந்தப் பக்கம் நடக்கிறான், எந்தக் கதவைத் தட்டுகிறான் என்பதுகூட ஹெட்போனில் துல்லியமாகக் கேட்கும். குறை என்றால், விளையாடும்போதே சில சமயம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள் காலை, சேரப்பணஞ்சேரி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். கேமில் யாரோ தகரக் கதவைத் தட்டுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அறை அறையாக எதிரியைத் தேடினேன். அப்போது கேம் உறைந்து நின்றது. ஆனால் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடினேன். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி அப்பா உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். சுகர் மாத்திரை போட்டுவிட்டு இன்னும் சாப்பிடாததால், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கத் தரையில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும், "எவ்ளோ நேரமா தட்டிகினு கீறேன், இன்னாடா பண்ணே?" என்றார்.

"கேம்ல தட்றாங்கன்னு நெனச்சிட்டேம்பா."

அவர் டம்ளரில் மீதி இருந்த தண்ணீரையும் குடித்து முடித்தார்.

தாழ்ப்பாளை அன்றே மாற்றினேன். வீட்டில் இப்போது ஹெட்போன் போடுவதில்லை, ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்துத்தான் விளையாடுகிறேன். எதிரி பின்னால் வருவது தெரியாமல் அடிக்கடி சுடப்படுகிறேன். பரவாயில்லை, அப்பா கூப்பிட்டால் கேட்கிறது.