தலைகீழாக ஒட்டிய கோடு

தீவில், ஹட் பேயில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரிக் கதவில் ஒரு தாள் தலைகீழாக ஒட்டியிருக்கிறது. நீள்வட்ட விண்மீன் திரள் ஒன்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நான் வரைந்த முதல் கோடு அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடுதான் அதை அம்மாவிடம் கொடுத்தேன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தவள், சோற்றைப் பிசைந்து தடவி ஒட்டினாள். தலைகீழ் என்று சலித்துக்கொண்டேன். "நீ குடுத்தப்ப எல்லாம் குழியா இருந்துச்சு. திருப்பினேன், மலையா ஆயிடுச்சு. பஸ், போதும், இப்படியே இருக்கட்டும்டி" என்றாள்.

ஒளி குறையும் நிறத்தில் கோடு குழிந்து இறங்கும். அந்தக் குழிகள்தான் என் வேலை. அவை இடம் நகர்ந்திருக்கும் அளவு, திரள் நம்மைவிட்டு விலகும் வேகத்தைச் சொல்லும். அகன்றிருக்கும் அளவு, உள்ளே விண்மீன்கள் ஒழுங்கில்லாமல் அலையும் வேகத்தைச் சொல்லும். அதை வைத்துத் தூரத்தையும் கணிக்கலாம். ஆனால் ஒரு திரள் நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதோடு சரி. பக்கவாட்டில் எங்கே நழுவுகிறது என்பது அவ்வளவு தொலைவிலிருந்து தெரியாது. மெயின்லேண்டிலிருந்து ஞாயிறுதோறும் போனில் அம்மாவின் குரலையும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். "டீக் ஹை, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். குரலில் மாற்றமில்லை என்று நிம்மதியாக வைத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நாங்கள் மாசி என்று கூப்பிடுபவள், போன் செய்து, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வா என்றபோது என் அட்டவணையில் இரண்டு திரள்கள் மீதி இருந்தன. தீவில் நாங்கள் தூரத்தைக் கப்பல் மணிக்கணக்கில்தான் சொல்வோம். போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே எட்டு மணி நேரம். விமானத்தையும் சேர்த்தால் ஒரு நாள்தானே என்று, இரண்டு நாள் இருந்து முடித்துவிட்டுப் புறப்பட்டேன். நான் போர்ட் பிளேரில் வந்து இறங்குவதற்கு முந்தைய நாள் ஒரு கப்பல் போயிருந்தது. அதன்பின் கடல் கொந்தளித்தது, ஹெலிகாப்டரும் எழும்பவில்லை. டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே, "ஜஹாஜ் பந்த், கப்பல் ஓடாது. எட்டு மணி நேரம்ங்கிறது கப்பல் கிளம்பினாத்தானேம்மா" என்றார். தீவில் பிறந்தவளுக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அங்கேயே, லம்பா லைனில் இருந்த சித்தி வீட்டில் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மாசி மறுபடி கூப்பிட்டு, அம்மா போய்விட்டாள் என்றாள். கப்பல் அதற்கும் மறுநாள்தான் கிளம்பியது.

அந்த இரண்டு திரள்களின் எண்களும் சரியாக வந்திருந்தன. திருத்த எதுவும் இல்லை.

இப்போதும் ஊருக்கு வந்தால் அலமாரி முன்னால் நிற்கிறேன். பசை காய்ந்து தாளின் ஓரம் பெயர்ந்திருக்கிறது. நான் திருப்பி ஒட்டவில்லை. அம்மா மலையென்று பார்த்த இடத்திலெல்லாம், எவ்வளவு நேரம் நின்றாலும், எனக்குக் குழிதான் தெரிகிறது.