வளையல் தடம் பதிந்த வறட்டி

என் மேசை மேல் பாதி கருகிய வறட்டி ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பில் வளையலை அழுத்திய தடம், பிறை போல. அது என் மதினி வைத்த அடையாளம்.

மதினி ராயகிரிக்காரர். அவருடைய அய்யா தோட்டத்து நாட்டு வெள்ளரியைச் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வளர்த்தார். குட்டையான காய், காம்புப் பக்கம் லேசான புளிப்பு. அய்யா காலமாகி, தோட்டமும் கைமாறியபின் அந்த விதை வேறெங்கும் இல்லை. கொடியிலேயே பழுக்க விட்ட காயின் விதையை மதினி சாம்பலில் புரட்டி, ஈரச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவிடுவார். பூச்சி அண்டாது. அந்த வருடம் விதை வறட்டி ஒன்றுதான்; எரிக்கும் வறட்டிகளோடு கலந்துவிடாமலிருக்க அதில் வளையலை அழுத்தி வைத்தார். "நோட்டுல எழுதி வையுங்க தம்பி" என்றார். மாதம், கிழமை, நேரம் எல்லாம் எழுதினேன். வளையல் தடத்தை மட்டும் எழுதவில்லை.

பொங்கலன்று காலை. விசைத்தறிகள் ஓய்ந்து தெருவே அமைதியாக இருந்தது. பனியில் நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. அண்ணன் அவசரப்படுத்தவும், சுவரிலிருந்து கைக்கு வந்த வறட்டிகளைப் பெயர்த்து அடுப்பில் செருகினேன். பால் ஓரம் கட்டும் வேளையில் மதினி குனிந்து பார்த்தார். தீயில் வளையல் தடம் தெரிந்தது.

"பானை இன்னும் பொங்கல, அடுப்புல கை வைக்காத! ஒரு வெள்ளரிக்காய்க்கா இந்தப் பாடு? சந்தையில கூடை கூடையா கெடக்கு" என்று அண்ணன் கத்தினார். மதினி வெறுங்கையால் வறட்டியை இழுத்து மணலில் புரட்டினார். நான் செம்போடு ஓடினேன். "தண்ணி ஊத்தாதீய! இருக்கதும் போயிரும்." மதினியின் விரல்கள் கொப்பளித்திருந்தன. "எல்லாத்தையும் எழுதுதீயளே தம்பி, இத எழுதலையா?" அவர் கேட்டது அவ்வளவுதான். பானை பிறகு பொங்கியது; யாரும் குலவையிடவில்லை.

கருகாத பக்கத்தில் பதினொரு விதைகள் தேறின. மாசியில் ஊன்றினோம். வழக்கமாக நான்காம் நாள் முளைக்கும். நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொரு காலையும் 'இல்லை' என்று எழுதினேன். மதினி என்னிடம் பேசவில்லை. ஏழாம் நாள் பொறுக்காமல் மண்ணில் விரல் வைத்தேன். "நோண்டுனது போதும்வே" என்றார் பின்னாலிருந்து. அதுவரை என்னைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார், 'வே' போட்டு அதட்டியதில்லை. ஒன்பதாம் நாள் ஒரே ஒரு முளை, விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி. அந்தக் கொடியின் முதல் காயை யாரும் தொடவில்லை; விதைக்கு விட்டோம்.

இப்போது மதினி புளியங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். கொடிகள் என் பொறுப்பு. பொங்கலுக்குப் பொங்கல் விடியுமுன் போன் வந்துவிடும்.

"அடுப்பு பத்த வச்சாச்சா?"

"இல்ல மதினி. விதை வறட்டி உள்ள, அலமாரியில இருக்கு. நோட்டுலயும் படம் போட்டு வச்சிருக்கேன்."

"செரி. அப்பம் பத்த வையுங்க."

அதன் பிறகே தீக்குச்சியைக் கிழிக்கிறேன். மேசை மேலிருக்கும் வறட்டியில் வளையல் தடம் முழு வட்டமாக இல்லை. மீதி என் கையால் எரிந்தது.