அக்கா மகள் என்று எழுதியது நான்

அப்போது எனக்கு இங்கிலீஷ் கர்வம் தலைக்கேறியிருந்தது. கிருஷ்ணகிரியில் வாத்தியார் வேலை. பள்ளி விட்டதும், முதல் தேர்தலில் ஜெயித்திருந்த எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய் ஜனங்கள் கொண்டுவரும் மனுக்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன். அவருக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும் வராது. அதனால் நான் எழுதியதைத் திருத்த அங்கே ஆள் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளின் புருஷன் பட்டாளத்துக்காரன். சண்டையில் காலில் பட்ட குண்டுக்காயம் ஊர் திரும்பிய பிறகும் ஆறாமல் சீழ் பிடித்து, ஆளையே கொண்டுபோய்விட்டது. இரண்டு குழந்தைகள், மழையை நம்பிய கொஞ்சம் மேட்டு நிலம். பென்ஷன் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. பேச்சுவாக்கில், செத்தவன் அந்தத் தாயின் கூடப்பிறந்த தம்பி என்று தெரிந்தது. எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது சாதாரணம். உறவு நெருக்கமாக இருந்தால் மனுவுக்கும் பலம் என்று நினைத்து, யாரும் கேட்காமலே, “இவர் மனைவி மட்டுமல்ல, இறந்தவரின் சொந்த அக்காள் மகளும் ஆவார்” என்று சேர்த்தேன். எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டார்.

பட்டாளத்து ஆபீஸ் வடக்கே எங்கோ இருந்தது. பதில் வந்தது: மனுதாரர் மனைவியா, சகோதரி மகளா? ஒருவரே இரண்டுமாக இருக்க இயலாது.

எம்.எல்.ஏ. விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப எங்க வூட்ல எனக்குச் சோறு போடறது யாருய்யா? அவளும் எங்கக்கா மவதான்!” சிரித்து முடித்து, இது எங்கள் வழக்கம் என்று விளக்கி எழுதச் சொன்னார். தாசில்தாரிடம் தானே போய்ச் சான்று வாங்கி வந்து சேர்த்து அனுப்பினார். அதே கேள்வி வார்த்தை மாறாமல் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. மகள் கல் உடைக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் எம்.எல்.ஏ.தான் வழி சொன்னார். “செத்தவன் பட்டாளத்துல குடுத்த காயிதத்துல சம்சாரம்னு மட்டுந்தான் இருக்குது. அக்கா மவள்னு சொன்னது நாமதான். வாத்தியார் தப்பா எழுதிட்டாரு, ரத்த சம்பந்தம் கெடையாதுன்னு ரெண்டு பேரும் கைநாட்டு வெச்சா முடிஞ்சிரும்.” சொல்லிவிட்டு அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் காகிதம் போய் மூன்றே மாதத்தில் பென்ஷன் வந்துவிட்டது. எம்.எல்.ஏ. வீட்டில் எல்லோருக்கும் காப்பி. என்னால் அதைக் குடிக்க முடியவில்லை. கைநாட்டு வைத்த நாள்தான் நினைவில் நின்றது.

மகள் முடியவே முடியாது என்று அழுதாள். தாய் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, “வெய்யிடி. கொழந்தைங்க சோத்துக்குன்னா அவன் கோவிச்சுக்க மாட்டான்” என்றாள். தன் முறை வந்ததும் அவளே தயங்கினாள்.

“சாமி, அவனுக்கு நான் ஒண்ணுமே இல்லைன்னா எழுதியிருக்குது?”

யாதொரு ரத்த உறவும் இல்லை என்றுதான் எழுதியிருந்தேன். “தூரத்துச் சொந்தம்னு போட்டிருக்கேம்மா” என்றேன்.

“அந்த மட்டும் விட்டு வெச்சீங்களே” என்று என்னைக் கும்பிட்டுவிட்டு, விரலை மையில் வைத்தாள்.