மூலப்படி சரி

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. பதினெட்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறாள். அவள் முறைத்த முறைப்பில் ஒரு காற்புள்ளி நடுங்கிப்போய், தானாகவே நகர்ந்து சரியான இடத்தில் உட்கார்ந்ததை அதே அச்சகத்தில் வேலை பார்க்கும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் மெஷின்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த மூலத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். அச்சுப்படியில் இன்னொருவர் விரல் வைத்துத் தொடர்வார். தொலைபேசி எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. சூரியன் மேற்கே உதிக்கிறது என்று மூலத்தில் இருந்தால் அச்சிலும் மேற்கேதான் உதித்தாக வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'மூலப்படி சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அது இல்லாமல் எந்தப் பக்கமும் மெஷினுக்குள் போகாது.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பச்சை அட்டைக் கையேடு அப்படித்தான் வந்தது. போதையிலிருந்து மீள உங்கள் பகுதியில் கிடைக்கும் உதவி என்று தலைப்பு. பதினாறு பக்கம், இருபத்து மூன்று முகவரி. ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் பார்த்துக் கொடுத்தாள். முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். காரணம் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன் லிஃப்ட் குழியில் விழுந்து முதுகில் அடி. வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது. மாத்திரை அவனை விடவில்லை. ஷூவுக்குள் ஒளித்தான். டார்ச் லைட்டில் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒளித்தான். ஒரு கட்டத்தில் அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் துணிக்கு அடியிலேயே ஒளித்தான். எழுத்துப் பிழையை நாலு தெரு தள்ளி இருந்தே மோப்பம் பிடிப்பவள், தினம் திறந்து மூடுகிற கூட்டுக்குள் இருந்ததை இரண்டு மாதம் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்த அன்று அவள் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடிவிட்டது. அடுத்த வீடு என்றால் சும்மாவா.

ஆனால் சத்தத்தால் அவன் மாறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தானாகவே சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இன்னைக்கு என்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடு."

"என்னடா சொல்ற?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் போடல. இன்னைக்கு ஒரு நாள் தாங்குவேன். நாளைக்குக் கேட்டா மாட்டேன்னுதான் சொல்வேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அடுப்பை அணைத்தாள். புடவைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பச்சைக் கையேட்டை எடுத்தாள். முதல் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, மறுவாழ்வு மையமா?"

"இது மெத்தைக் கடைங்க. நீங்க அந்தப் பச்சை புக்கைப் பாத்து..."

"மெத்தைக் கடையா? மறுவாழ்வுன்னு போட்டுட்டு மெத்தை விக்கிறீங்களா? வெக்கமா இல்ல?"

"அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

வைத்துவிட்டாள். எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டோமோ என்று சரிபார்த்தாள். தப்பில்லை. இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதில் ஒரு பெரியவர், "அதை மூடி ஆறு வருஷம் ஆச்சேம்மா," என்றார், ஏதோ இவள்தான் தாமதமாக வந்துவிட்ட மாதிரி. நான்காவது அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் ஆள் இருந்தார்கள். பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

"அடுத்த மாசமா? அவன் இன்னைக்குத்தான் வர்றேங்கிறான்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல மேடம்."

போனை நம்பிப் பயனில்லை என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு முகவரியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் இரும்புக் கதவு, பூட்டில் துரு. பூட்டைப் பிடித்து ஆட்டியதில் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். தம்பிக்கு அதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. வெயிலில் நின்றுகொண்டு குளிருது என்றான்.

மத்தியானம் மூன்றரை மணிக்குச் சுகாதார அலுவலகத்தில் போய் நின்றாள். கையேட்டுக்குப் பொறுப்பான அதிகாரி பல்குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"புக்குல தப்பு இருந்தா அச்சகத்துல போய்க் கேளுங்க."

"அச்சகத்துலேர்ந்துதான் சார் வர்றேன். பிழை பாத்ததே நான்தான்."

"அப்புறம் என்ன? பழைய புக்குல இருந்த லிஸ்ட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தோம். மூலத்துல என்ன இருக்கோ அதானே அச்சுல வரும்? நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, மூலப்படி சரின்னு?"

அவளுக்கு இந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. அதே கையால் தன்னையும் அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாளே, ஒரே ஒரு எண்ணையாவது அழுத்திப் பார்த்தாளா?

நடைபாதை பெஞ்சில் தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கடந்து போன குமாஸ்தா ஒருத்தி மூக்கைப் பொத்தி, "இதுங்களை எல்லாம் யாரு உள்ள விட்டது?" என்றாள்.

"இதுங்களுக்காகத்தான் உனக்கு இங்க நாற்காலி போட்டிருக்காங்க!" என்று இவள் கத்தியதில் மாடி முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது.

தம்பி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, போதும். வீட்டுக்குப் போலாம். முடியல."

வீடு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். டார்ச் லைட் வீட்டில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது.

"காலையில என்னைத் திட்டுனது நீங்கதானே?"

மெத்தைக் கடைக்காரர்.

"உங்க நம்பர் விழுந்திருந்துச்சு. காலையிலேர்ந்து மனசு கேக்கல. இடம் கிடைச்சுதா?"

"இல்லைங்க," என்றாள்.

"கிடைக்காதுங்க. அந்த புக்கு வந்ததுலேர்ந்து தினம் ரெண்டு பேராவது கூப்பிடுறாங்க. முதல்ல நானும் எரிஞ்சு விழுந்தேன். ஒரு நாள் ஒரு அப்பா, அழுதுக்கிட்டே இருக்காரு, போனை வைக்கவே மாட்டேங்கிறாரு. கடையைச் சாத்திட்டு நானே அலைஞ்சு விசாரிச்சேன். பெரிய ஆஸ்பத்திரியில பல் பாக்குற கட்டடம் தெரியுமா? அதுக்கு ரெண்டாவது மாடி. போர்டு கிடையாது. அஞ்சு மணி வரைக்கும் ஆள் இருப்பாங்க. கடிதம் கிடிதம் ஒண்ணும் வேண்டாம். லிஃப்ட் மட்டும் ஓடாது, படியில ஏறுங்க."

"அண்ணே, காலையில நான் பேசினது..."

"அதை விடுங்க. மணி மூணே முக்கால் ஆகுது, கிளம்புங்க."

தம்பி பாதி காதில் கேட்டிருந்தான். "ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓடலையா? யாரு அதைப் பராமரிக்கிறவன்?" அன்று முழுக்க அவன் கேட்ட முதல் கேள்வி. எனக்குக் கைகால் உதறும்போதுகூட அடுத்தவன் தொழிலில் குறை கண்டுபிடிக்கத் தோன்றுமா என்று தெரியவில்லை. அவன் அக்காவுக்குத் தம்பி.

ஒவ்வொரு படியிலும் அவனைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். மேலே ஒரு நர்ஸ் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"கடைசியா எப்பப் போட்டீங்க?"

"நேத்து ராத்திரி."

"அப்ப கஷ்டமாத்தான் இருக்கும். உக்காருங்க தம்பி. இதைக் குறைக்க மருந்து இருக்கு, டாக்டர் வந்துடுவாரு."

அவ்வளவுதான். காலையிலிருந்து ஊர் முழுக்கத் தேடிய வார்த்தை அவ்வளவுதான்.

"உங்க இடம் ஏன் கையேட்டுல இல்லை?" என்று இவள் கேட்டாள்.

"எங்களை யாரும் கேக்கலையேம்மா."

தம்பி மூன்று வாரம் அங்கே இருந்தான். ஒன்பதாம் நாள் ஓடிப்போனான். மறுநாள் தானே படியேறித் திரும்பினான். இப்போது வாரம் ஒரு தடவை போய்வருகிறான். தேறிவிட்டானா என்று அவளிடம் கேட்காதீர்கள், கடித்துவிடுவாள். இன்றைக்குப் போடவில்லை என்பாள். அதற்கு மேல் எழுதித் தரமாட்டாள்.

நான் சொல்ல வந்தது மறுபதிப்பைப் பற்றி. நாலு மாதம் கழித்து அதே பச்சைக் கையேடு, அதே இருபத்து மூன்று முகவரி, இன்னும் ஐயாயிரம் பிரதி வேண்டும் என்று அவள் மேஜைக்கு வந்தது. மூலத்தைப் படிக்க வந்தவரைப் போகச் சொல்லிவிட்டாள். அச்சகத்துப் போனை இழுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை கூப்பிட்டாள். பதினாலு பொய். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதினாள்: 'இது மெத்தைக் கடை.' 'இங்கே கார் ஓட்டுகிறார்கள்.' 'துருப்பிடித்த பூட்டு.' பக்கத்தின் அடியை வெறுமையாக விட்டாள்.

முதலாளி வந்து நின்றார். "ஏம்மா, நம்ம வேலை எழுத்தைப் பாக்குறது. ஊரைத் திருத்துறது இல்ல."

"அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன் முதலாளி. அந்த நினைப்புதான் என் தம்பியை ஒரு நாள் பூரா தெருவுல நிக்க வெச்சுது."

"மெஷின் சும்மா நிக்குதும்மா."

"நிக்கட்டும். பொய்யை அடிக்கிறதுக்குச் சும்மா நிக்கிறதே மேல்."

ஆறு நாள் நின்றது. மெஷினுக்குள் சிலந்தி வலை பின்னி, குடும்பம் நடத்தி, பேரன் எடுத்துவிட்டதாக மெஷின்காரர் சொல்கிறார். ஏழாம் நாள் அதிகாரியே கிளம்பி வந்துவிட்டார். மேஜைக்கு முன்னால் நின்று மேலே புகார் போகும் என்றார், விளைவு பெரிதாக இருக்கும் என்றார். எல்லாவற்றையும் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பேசுங்க சார்."

"ஹலோ," என்றார் அதிகாரி, அதட்டலாக.

"வணக்கங்க. பச்சை புக்கைப் பாத்துக் கூப்பிடுறீங்களா? பதறாதீங்க, இடம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" கொஞ்சம் நிறுத்தி, மெத்தைக் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "யாருக்குங்க? உங்க பிள்ளைக்கா?"

அதிகாரி ரிசீவரைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்தார். அச்சகம் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா? எழுதிக்கோங்க. பெரிய ஆஸ்பத்திரி, பல் பாக்குற கட்டடம்..."

பூதக்கண்ணாடி தன் சிவப்புப் பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதையே பார்த்தார். பிறகு குனிந்து, பக்க ஓரத்தில், பள்ளிக்கூடப் பையனின் கையெழுத்தில், இரண்டாவது மாடி என்பதுவரை எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார்.

அவள் காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். இன்னும் பதிமூணு இருக்கு."